பேய்நடைக்கு ஜார்ஜ் டவுனில் கற்பனை தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாரிமுனைப் பக்கம் மாலைநேரப் பேய்நடை, அதாவது பேய்க் கதை சொல்லிக்கொண்டே தெருக்களைச் சுற்றிக்காட்டும் நடை, கூட்டிப் போகிறவர்களுக்கும், போக நினைக்கிறவர்களுக்கும் இந்தக் கடிதம். வெள்ளைப் புடவை, நள்ளிரவுக் கொலுசுச் சத்தம் என்று எந்த ஊருக்கும் பொருந்துகிற கதைகளை ஜார்ஜ் டவுனில் கொண்டுவந்து இறக்காதீர்கள். அந்தத் தெருக்களுக்கென்றே இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லும் தேதியும் இருக்கின்றன.

உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகம் ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயரின் கல்லறைத் தோட்டம். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான அந்தக் கல்லறைகளே எதிரிக்கு மறைவிடமாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர் அவற்றை இடித்தார்கள். பெயர் பொறித்த கற்களைப் பெயர்த்து, கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பாவினார்கள். உடல்கள் ஓரிடம், பெயர்கள் வேறிடம்! இடிபடாமல் தப்பியவற்றில் ஒன்று, கூர்நுனிக் கோபுரம் போன்ற ஒரு கல்லறை. ஆளுநர் எலிஹு யேலின் குழந்தை டேவிட், அவன் தாயின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸ் இருவருக்கும் உரியது. இதைவிட மனத்தை உலுக்கும் கதையை யார் கட்டிவிட முடியும்?

ஆனால் தேவாலயத்தில் பாவிய கற்களை இருட்டிய பிறகு போய்ப் பார்க்க முடியாது. கோட்டைக்குள் பகலில்தான் விடுவார்கள். அடையாள அட்டை கட்டாயம். ஆகவே அவற்றை மாலை நான்கு மணிக்குள் பார்த்து முடித்து, வெளியே வந்து, ஆறு மணிக்குப் பாரிமுனையில் நடையைத் தொடங்குவது நல்லது. அங்கே டேர் ஹவுஸ் மூலையில் 1773-இல் நட்ட எல்லைக் கல் இருக்கிறது. ஆறில் மிஞ்சியது அது ஒன்றுதான். கோட்டைப் பீரங்கிக்கு எதிரே எதுவும் மறைக்கக் கூடாது என்று இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தையே, சென்னகேசவர் கோயில் உட்பட, இடித்துத் தள்ளிய வெட்டவெளியின் எல்லை அது. இன்று நீதிமன்றம் நிற்பது அந்த ஊர் இருந்த மண்ணில்.

அடுத்து, நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் உள்ள எம்டன் பலகை. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் அந்த ஜெர்மன் கப்பல் சுமார் 130 குண்டுகளை வீசியது. துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. 'அவன் சரியான எம்டன்' என்று நாம் இன்றும் சொல்வது அந்த இரவின் மிச்சம். செப்டம்பர் 22 அன்று நடை வைப்பவர்கள் அதே நேரத்துக்கு அங்கே வந்து நிற்கலாம். பிறகு, ஆர்மீனியன் என்ற சொல் மருவி 'அரண்மனைக்காரன் தெரு' ஆன தெரு. அங்குள்ள 1772-ஆம் ஆண்டு ஆர்மீனிய தேவாலய முற்றத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அடக்கம். அதுவும் பிற்பகலிலேயே மூடிவிடும். வாசலில் நின்று சொன்னால் போதும். கதவைத் தட்டவோ சுவர் ஏறிப் பார்க்கவோ கூடாது.

ஞாயிற்றுக்கிழமைதான் தோது. மற்ற நாட்களில் லாரிகளில் சரக்கு இறங்கும், மீன்பாடி வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் போகும், நின்று கேட்க இடமிருக்காது. குழுவில் பன்னிரண்டு பேர், மிஞ்சினால் பதினைந்து. அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்குக் காது எட்டாது, வழிகாட்டி ஒலிபெருக்கியை எடுப்பார். கடைகளுக்கு மேல்மாடியில் குடும்பங்கள் வசிக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். கைவிளக்கைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள், சன்னல்களை நோக்கி அல்ல. மூலையில் ஆளை ஒளித்துவைத்துத் திடீரென்று பாயச் சொல்வது வேண்டவே வேண்டாம். மிரண்டு பின்வாங்குகிறவர் கால் வைப்பது மூடியில்லாத வடிகாலாகவோ, வருகிற ஆட்டோவின் முன்னாகவோ இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்திருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். தேங்கிய நீரும் தெருவோர மின்பெட்டிகளும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

கட்டிவிடும் கதைக்கு விலை கொடுப்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். ஆழ்வார்பேட்டை டி மான்டி காலனியில் பேய் வதந்தியை நம்பி இரவில் இளைஞர்கள் கைப்பேசியும் கையுமாகத் திரண்டதை நகரமே அறியும். மண்ணடிக்கும் அந்த நிலை வர வேண்டாம்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: எம்டன் பலகைக்கும் எல்லைக் கல்லுக்கும் மாலையில் படிக்கும்படி சிறு விளக்கும், பக்கத்தில் நான்கு வரித் தமிழ் விளக்கமும் வைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மரபுநடை வழிகாட்டி,
சென்னை-1