மானிட்டரை மாற்று, டிவி இருக்கட்டும்

அன்புள்ள செல்வம்,

உன் மகன் வேலையில் சேர்ந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே நலம். அம்மா கண்புரை அறுவை முடிந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டார்.

மானிட்டர், டிவி இரண்டையும் 4கே, அதாவது ஃபுல் ஹெச்டியைவிட நுணுக்கமான திரையாக, ஆக்கலாமா என்று கேட்டிருந்தாய். மானிட்டரைக் கட்டாயம் மாற்று. டிவி இருக்கட்டும்.

எல்லாம் தூரத்தைப் பொறுத்ததுதான். கண் பார்க்கும் கோணத்தில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, நல்ல பார்வைக்கு அதுதான் எல்லை. அதைவிடச் சிறிய புள்ளிகள் கலந்துபோகும். உன் 55 அங்குல ஃபுல் ஹெச்டி டிவியில் ஒரு பிக்சல், அதாவது திரையின் ஒரு புள்ளி, சுமார் 0.63 மி.மீ. இரண்டேகால் மீட்டர் தாண்டினாலே அது தனியாகத் தெரியாது. நீ உட்காருவதோ மூன்று மீட்டர் தள்ளி. கடையில் புது டிவி பளிச்சென்று இருந்ததாக எழுதியிருந்தாயே, அது பெரும்பாலும் நிறமும் வெளிச்சமும் செய்யும் வேலை.

மெய்ப்புப் பார்க்கும்போது நீ திரையிலிருந்து 60 செ.மீ. தூரத்தில்தான் இருப்பாய். அங்கே கண் 0.17 மி.மீ. வரை பிரித்துவிடும். உன் 24 அங்குல ஃபுல் ஹெச்டி திரையின் பிக்சல் 0.28, 27 அங்குல 4கேயில் 0.16. நம் எழுத்துக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது. ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று. ‘மி’யை ‘மீ’ ஆக்குவதே மேலே உள்ள குட்டிச் சுழிதான். சின்ன எழுத்தில் இவையெல்லாம் ஒரே கறையாகிவிடும். நாள் முழுக்க ஒற்றும் சுழியும் தேடுகிற உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

வாங்கியதும் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வை, இல்லாவிட்டால் எழுத்து கடுகாகத் தெரியும். அப்புறம், கணினியில் திரையை இணைக்கும் போர்ட் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 ஆக இருக்க வேண்டும். பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கேயில் 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் மாறும், மவுஸ் இழுத்து இழுத்து நகரும்.

தம்பிக்கு கேம் ஆட வேண்டுமென்றால் ஃபுல் ஹெச்டிக்கும் 4கேக்கும் இடைப்பட்ட 1440பி திரை தனியாக ஒன்று போதும். 4கேயில் பிக்சல்கள் ஃபுல் ஹெச்டியைப் போல நான்கு மடங்கு, சாதாரண கிராஃபிக்ஸ் கார்டு திணறிவிடும்.

உன் கணினியின் மாடல் எண்ணை எழுது, எந்த போர்ட் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி