மல்லாவியிலிருந்து கைதடி வரை என்னைக் கூட்டிப்போனவர்களுக்கு

அன்பான துணுக்காய், மல்லாவி உறவுகளுக்கு வணக்கம்.

2018 ஒக்டோபரோடு வட மாகாண சபையின் ஆயுள் முடிந்துவிட்டது. அதில் உறுப்பினராக இருந்த என் பெயருக்கு முன்னால் இனி யாரும் 'கௌரவ' போடத் தேவையில்லை. பதவியில் இருக்கும்போது நன்றி சொன்னால் அடுத்த தேர்தலுக்கு அடிபோடுகிறான் என்பீர்கள். அதனால்தான் இவ்வளவு காலம் தள்ளிப்போட்டேன்.

2011 யூலையில் பிரதேச சபைத் தேர்தல் கேட்டபோது, போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பாதிப்பேர் தறப்பாளுக்குக் கீழே. என் கையில் காசில்லை. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அக்கா, என்னோடு வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொடுத்துக் கொப்பியில் எழுதிவைத்தார். வென்றபிறகு கொப்பியைக் கேட்டேன். அடுப்புக்குள் போட்டுவிட்டாராம். பொய் அக்கா அது. கணக்கை இப்போதாவது சொல்லுங்கள்.

சபையின் முதல் கூட்டத்தில் அரை மணித்தியாலம் முழங்கினேன். கைதட்டல் வேறு. முடிந்ததும் அலுவலகத்து ஐயா ஒருவர் மெல்லக் கூப்பிட்டார். "தம்பி, பேச்சு நல்லது. ஆனா பேச்சுக்குக் காசு ஒதுக்கேலாது. பிரேரணையா எழுதித் தாங்கோ." தெருவிளக்கு, சந்தை மலசலகூடம், சுடலைப் பாதை என்று அந்தச் சபையில் நான் செய்த கொஞ்சமும் அவர் திருத்தித் தந்த தாள்களால் வந்தவை.

பிறகு 2013 செப்டம்பர் 21, மாகாண சபைத் தேர்தல். முல்லைத்தீவு மாவட்டத்துக்கு 5 ஆசனம். கட்சிக்கு ஒரு புள்ளடி, அந்தக் கட்சிப் பட்டியலில் உள்ள ஆட்களுக்கு விருப்பு வாக்கு மூன்று. உண்மையில் ஓட்டம் சொந்தப் பட்டியலில் உள்ளவர்களோடுதான். மேடையில் இதை யாரும் சொல்வதில்லை. என் இலக்கத்தைச் சனத்துக்குப் பாடமாக்கியவர்கள் எங்கள் பெண்கள்தான். உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு கிணற்றடியிலும் சங்கக்கடை வரிசையிலும் காட்டினார்கள். "மூண்டையும் உனக்கே போட்டால் என்ன மோனை?" என்று கேட்ட ஆச்சியைச் சமாளிக்கத்தான் கஷ்டப்பட்டேன்.

மாகாண சபை கூடிய கைதடியில் உறுப்பினர்கள் 38 பேர் இருந்தோம். விடிய முன்னம் மாங்குளம் ஏறி ஏ-9 வழியே வாகனம் ஓட்டிய தம்பிக்கும், சிங்களத்தில் வரும் கடிதங்களை இரவிரவாக மொழிபெயர்த்துத் தந்த மாஸ்டருக்கும் நான் சம்பளம் என்று சரியாகக் கொடுத்ததே இல்லை.

உங்களில் கூடுதலானோர் கேட்டது காணி. மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் காணி அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது, சபையின் கைக்கு வரவில்லை. பிரேரணை கொண்டுவந்தோம், கை உயர்த்தினோம், நிறைவேறியது. இராணுவத்திடம் இருந்த தங்கள் காணியைக் கேட்டு கேப்பாப்பிலவுச் சனம் 2017இல் தெருவோரம் இருந்தது, 2018இல் சபை முடிந்தபோதும் இருந்தது. சின்னச் சபையில் ஒரு விளக்குப் போட்டால் அன்று இரவே எரியும். பெரிய சபைக்குப் போனபிறகு என்னிடம் வந்தவர்களுக்கு நான் கொடுத்தது அனேகமாகக் கடிதத் தலைப்புத்தான். அப்படியிருந்தும் என் வீட்டு முற்றத்துக்கு வருவதை நீங்கள் நிறுத்தவில்லை. அதற்கும் நன்றி.

இன்னொரு விசயம். உங்கள் மனுக்கள் இரண்டு றங்குப்பெட்டி நிறைய வீட்டில் கிடக்கின்றன. சிலர் காணி பெர்மிட்டின் மூலப்பிரதியையே வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அடையாள அட்டையோடு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன்.