கல் ஏன் உடையணும்?

முருகேசா,

ஆடியில் எழுதுகிறேன் என்றவன், தை பிறந்தும் எழுதவில்லை. நேரில் வந்து திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பர்னர் ராஜு தாத்தாவாகிவிட்டான், உனக்கும் சொல்லியிருப்பான்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. பிளஸ் ஒன்னில் வெப்ப இயக்கவியல் நடத்திக்கொண்டிருந்தேன். சூடு வெளியே வந்தால்தான் வினை தானாக நடக்கும் என்று வாய் பழகிப்போனபடி சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அவள் அப்பா சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிறவர். "சார், விடிய விடிய கல்லுக்கு நாமதான் சூடு கொடுக்கிறோம். வாங்கின சூட்டுல கல் சும்மா பழுத்துக்கிட்டு நிக்கலாமே, ஏன் உடையணும்?"

மணி அடித்துவிட்டது. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லைடா. 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ அடித்துச் சொன்ன அதே தப்பை, நானும் இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் தலையில் ஏற்றியிருக்கிறேன். நவச்சாரத்தைத் தண்ணீரில் போட்டால் டம்ளர் ஜில்லென்று ஆகிறதே, அது சூட்டை வாங்கிக்கொண்டுதானே தானாகக் கரைகிறது! ஹாஸ்டலில் அதை வைத்து நீ அடித்த கூத்து எனக்கு மறக்குமா?

மறுநாள் போர்டில் கணக்கைப் போட்டேன். ஒரு மோல் சுண்ணாம்புக் கல், அதாவது 100 கிராம், உடைவதற்கு 178 கிலோஜூல் சூடு வேண்டும். அதில் 44 கிராம் கரியமில வாயுவாக வெளியே பறக்கிறது. கல்லுக்குள் கட்டுண்டு கிடந்தது காற்றோடு காற்றாகத் திரிவதால் என்ட்ரோபி, அதாவது சிதறிக் கிடப்பதன் அளவு, கெல்வினுக்கு 160 ஜூல் கூடுகிறது. இதை வெப்பநிலையால் பெருக்கி வருவது 178-ஐத் தாண்டினால்தான் கல் தானாக உடையும். 298 கெல்வினில், அதாவது சாதாரண அறைச் சூட்டில், பெருக்கினால் 48 கிலோஜூல்தான், 178-க்கு முன்னால் நிற்காது. சூடு ஏற ஏற அந்தப் பெருக்கல் வளர்ந்து, 1,110 கெல்வின் பக்கம், அதாவது 840 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் கீழே, 178-ஐத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் கல் நிற்காது.

"அப்போ கொடுத்த சூடு எங்க சார் போச்சு?" என்று அவளே மறுபடி கேட்டாள். எங்கேயும் போகவில்லை. சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றித் தாளிக்கும்போது 65 கிலோஜூல் திரும்பி வருகிறது. பானை தளதளவென்று கொதிப்பது அதனால்தான். மீதி 113, சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி வாங்கி மறுபடி கல்லாக இறுகும்போது, மாதக்கணக்கில், தொட்டாலும் தெரியாத சூடாக வெளியேறுகிறது. இதைச் சொன்னதும் வகுப்பே சுவரைத் திரும்பிப் பார்த்தது முருகேசா. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காளவாய்க்கே போனேன். "கருஞ்சிவப்பு பத்தாது, நல்லா பழுத்த சிவப்பு வரணும். இல்லேன்னா நடுவுல பச்சைக் கல்லா நின்னுடும்" என்றார் அவள் அப்பா. புகை போக வழி அடைத்தாலும் வேகாதாம். வாயு வெளியேறாவிட்டால் வினை திரும்பிவிடும் என்பதை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! அவருக்கு ஒரே ஒரு ஆசை. தன் கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சிவப்பு எத்தனை டிகிரி என்று தெரியவேண்டுமாம்.

உன் ஆலையில் கழித்துப்போட்ட தெர்மோகப்பிள், அந்தச் சூடு அளக்கும் கம்பி, கிடக்குமே, 1,000 டிகிரி தாங்குகிறதாக ஒன்று, மீட்டரோடு அனுப்பு. அடுத்த சூளை மாசிக் கடைசியில் வைக்கிறார்கள். முடிந்தால் நீயே எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
கதிர்