செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: குளத்துக்கரைப் பறவையும் பூவும்

தலைவர் அண்ணாச்சி, துணைத்தலைவர் அக்கா, பொருளாளர், கமிட்டிக்காரங்க, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்திருக்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். 2024 மே மாசத்துல இருந்து 2025 ஏப்ரல் வரைக்கும் நம்ம சங்கம் செஞ்ச வேலைய இங்க வாசிக்கேன். கமிட்டி கூட்டம், சந்தா, புதுசா சேந்தவங்க விவரம் எல்லாம் மினிட்ஸ் புக்ல இருக்கு, யாருக்கு வேணும்னாலும் வாங்கிப் பாத்துக்கிடலாம். நான் நெறைய பேசப்போறது தை கடைசில இருந்து பங்குனி முடிய குளத்துக்கரைல பாத்தத பத்தித்தான், ஏன்னா இந்த வருஷம் நம்ம சங்கத்துக்குப் புதுசா ஒண்ணு புரிஞ்சதே அந்த மூணு மாசத்துலதான்.

மொதல்ல தண்ணியில இருந்து ஆரம்பிக்கணும். 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச பெருமழைய யாரும் மறந்திருக்க மாட்டீங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டி நம்ம நெல்லை, தூத்துக்குடி ரெண்டு மாவட்டத்துலயும் எத்தன குளம் ஒடஞ்சுதுன்னு பாத்தோம்லா. 2024 டிசம்பர் ரெண்டாவது வாரத்துலயும் தாமிரபரணில வெள்ளம் போச்சு, ஆனா இந்தத் தடவ நம்ம சுத்துவட்டாரக் குளம் பெரும்பாலும் தாங்கிக்கிடுச்சு, மறுகால் பாஞ்சு பெருகி நின்னுது. ஜனவரில தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு நம்ம ஆளுங்க போனாவ. 2011ல இருந்து வருஷா வருஷம் மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்ன நின்னு நடத்துற கணக்கெடுப்பு அது, தொடர்ந்து இத்தன வருஷம் இத நடத்துறதுக்கே அவியளுக்கு நாம நன்றி சொல்லணும். அன்னிக்கி போயிட்டு வந்த பாதிப் பேருக்கு மொகமே சரியில்ல. என்னன்னு கேட்டா, கொளம் பூராத் தண்ணி, பறவை எல்லாம் நட்ட நடுவுல கிடக்கு, உள்ளான் வகையையே காணும்னாவ. காணாமத்தான் இருக்கும். அலகால சேத்தக் குத்திப் புழு எடுக்குற பறவைக்கு முட்டளவு தண்ணில என்ன வேலை, அதுக்கு வேண்டியது ஓரத்துச் சேறு.

அந்தச் சேறு வெளிய தெரிஞ்சது மாசிலதான். பிசான நெல்லு வெளஞ்சு அறுவடை நெருங்கும்போது மடை வழியா தண்ணி போய்ப் போய் குளம் எறங்க ஆரம்பிக்கும், ஒவ்வொரு வாரமும் ஓரத்துல கொஞ்சங் கொஞ்சமா தரை வெளிய வரும், அந்த ஈர ஓரத்துலதான் பறவையும் இருக்கு பூவும் இருக்கு. இதத்தான் நான் இந்த அறிக்கைல அழுத்தமாச் சொல்ல நெனக்கேன். குளம் பெருகும்போது எல்லாரும் கரைல நின்னு போட்டோ எடுக்காவ, வத்தும்போது 'குளம் காஞ்சு போச்சு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிருதாவ, நம்ம ஊரு வசந்தம் அப்பத்தான் தொடங்குதுங்கது கண்ணுல படாமலே போயிருது.

மாசி நடைகள்ல தலைவர் அண்ணாச்சி ஒரு வழக்கம் கொண்டுவந்தாவ, பைனாகுலர கழுத்துல தொங்கவிட்டுட்டு மொத அரை மணி நேரம் எல்லாரும் கீழ மட்டும்தான் பாக்கணும்னு. ஆரம்பத்துல பிள்ளைங்க மொனங்குச்சு. பொறவு என்னன்னா அதுங்கதான் எந்திரிக்கவே மாட்டேன்னுச்சு. தண்ணி எறங்குன எடத்துல பொடுதலை பாய் விரிச்ச மாதிரி படந்து கிடக்கு, உக்காந்து பாத்தாத்தான் தெரியும், நடுவுல கருஞ்செவப்பா ஒரு கொண்டை, அதச் சுத்தி வளையமா வெள்ளையும் லேசான ஊதாவுமா பொடிப்பொடிப் பூ, கீழ இருந்து மேல வளையம் வளையமா பூத்துட்டே போகுது, ஒவ்வொண்ணுலயும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சி உக்காந்து எந்திரிக்கு. இன்னும் கொஞ்சம் காஞ்ச எடத்துக்குப் போனா செருப்படை, தரையோட தரையா அப்பிக்கிட்டு, எல சுருங்கிச் சுருங்கி, அதுக்கு இடுக்குல கடுகளவுல வெள்ளப் பூ. அறுத்த வயல் வரப்போரம் கொட்டைக்கரந்தை, ஊதா உருண்டையா நின்னுச்சு, அதக் கசக்கி மோந்து பாத்த கையில சாயங்காலம் வரைக்கும் வாசம் போகல. கரையோரச் சேத்துல நீர்முள்ளி கடைசிப் பூவோட நின்னுது, நீலமும் ஊதாவும் கலந்த பூ, ஒவ்வொரு கணுவுலயும் நீட்டு நீட்டா முள்ளு.

அங்கன ஆடு மேச்சிக்கிட்டு நின்ன ஒரு ஆச்சி நம்ம கூட்டத்தப் பாத்துட்டு வந்து, "எதத் தேடுதிய, எதையும் தொலச்சிட்டியளா"ன்னு கேட்டாவ. பூப் பாக்கோம்னு சொன்னதும் ஆச்சிக்குச் சந்தோசம் தாங்கல. எது ஆடு திங்கும், எது திங்காது, எதப் பிள்ளைப் பெத்தவளுக்கு அரச்சுக் குடுப்பாவன்னு வரிசையாச் சொல்லிட்டே வந்தாவ. நம்ம கையில இருந்த புத்தகத்துல படம் பாத்துக் குழம்பிட்டு இருந்த செடிய அவிய நடந்துக்கிட்டே பேரு சொன்னாவ. அடுத்த வருஷம் நடைக்கு ஆச்சிய முறையா அழைக்கணும்னு கமிட்டில முடிவாயிருக்கு, ஆடுக மேய்ச்சல் கெட்டுப்போகாத நேரமா வச்சுக்கிடணும்.

இனி பறவை. தைல பாத்த அதே பறவையப் பங்குனில பாத்தா வேற பறவையோன்னு தோணும், ஊருக்குக் கெளம்புற முன்ன உடுப்ப மாத்திருதுல்லா. தைல வெளுத்துக் கிடந்த மஞ்சள் வாலாட்டி பங்குனில வயிறெல்லாம் பளீர்னு மஞ்சளா நிக்கும். மீசை ஆலாவுக்கு வயிறு கரும்சாம்பலாயிருது, அதோட தலைல கறுப்புத் தொப்பி, கன்னத்துல மட்டும் வெள்ளப் பட்டை. கருவால் மூக்கனுக்கு கழுத்தும் நெஞ்சும் செங்கல் நெறமாகுது. நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணு மேல வெள்ளப் புருவம் தெளிவாத் தெரியும். இதெல்லாம் தூரத்து நாட்டுக்காரங்க, அங்க போய்த்தான் கூடு கட்டும், அதுக்கான கலரு நம்ம நயினார்குளத்துச் சேத்துல இரை தின்னுக்கிட்டே ஏறுதுங்கறத நேர்ல பாக்குறதுக்கு நம்மளுக்குக் குடுத்து வச்சிருக்கணும். சுத்தமல்லி அணைக்கட்டுல இருந்து நெல்லைக் கால்வாய்ல வர்ற தண்ணி வந்து சேர்ற குளம் அது. ஊருக்கு நடுவுல பஸ் சத்தத்துக்கு மத்தில இவ்வளவும் நடக்கு, அத ஊரு ஆளுங்களுக்குக் காட்டுறதுதான் நம்ம சங்கத்தோட மொத வேலைன்னு நான் நெனக்கேன்.

உள்ளூர்ப் பறவைங்களுக்கு அதே நேரத்துல குடும்ப வேலை. முக்குளிப்பான் பாசியையும் தண்டையும் சேத்து மெதக்குற கூடு வச்சிருந்துச்சு, நாம தூரத்துல நின்னதுக்கே அவசர அவசரமா முட்டை மேல பாசிய இழுத்து மூடிட்டுத் தண்ணிக்குள்ள போயிருச்சு, ஆள் நகந்த பொறவுதான் வந்து மூடுனத வெலக்கிட்டு உக்காந்துச்சு. நீளவால் இலைக்கோழிக்கு வால் நீள ஆரம்பிச்சிருந்தது, அதுல அடைகாக்குறது குஞ்சு வளக்குறது எல்லாம் ஆண் பறவை பாக்கும்னு சொன்னப்போ அக்காமாரெல்லாம் அவிய அவிய வீட்டுக்காரரத் திரும்பிப் பாத்தாவ.

கூந்தன்குளம் போனதச் சொல்லாம இருக்க முடியாது. 1994ல சரணாலயமா அறிவிச்ச ஊரு, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் இருக்கு, ஆனா அதுக்கெல்லாம் முன்னால இருந்தே ஊர்க்காரங்க அந்தப் பறவைகளத் தங்க வீட்டுப் பிள்ளையாத்தான் நெனச்சிருக்காவ, பறவை பயந்துரும்னு வெடி போட மாட்டாவ. நாம போனப்போ குளத்துக்குள்ள கருவேல மரத்துலயும், ஊருக்குள்ள வீட்டுப் பக்கத்து மரத்துலயும், கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் குஞ்சோட இருந்துச்சு. வரித்தலை வாத்து இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது, மங்கோலியா திபெத் பக்கம் திரும்புற பறவை, இமயமலை மேல 7,000 மீட்டருக்கும் மேல பறந்தத கருவி மாட்டிப் பதிவு செஞ்சிருக்காவ. அது அங்க கோரைப் புல்லக் கறம்பிக்கிட்டு சாதாரணமா நிக்கி. கூட்டுல இருந்து விழுந்த குஞ்சுகள எடுத்து மீன் ஊட்டி வளத்து விட்ட பால்பாண்டி அண்ணாச்சிய 2021ல கொரோனா காலத்துல எழந்துட்டோம், நம்ம உறுப்பினர்கள்ல பல பேருக்கு மொதமொதல்ல பறவை காட்டிக்குடுத்ததே அவியதான், அங்க போய் எறங்குனதும் எல்லாரும் அவியளப் பத்தித்தான் பேசுனோம்.

திருப்புடைமருதூருக்கு விடியக்காலைல போனோம், 2005ல பறவைக் காப்பகமா அறிவிச்ச எடம், நாறும்பூநாதர் கோயிலும் ஆத்தங்கரையும். அங்க இலுப்பை பூத்திருந்தது. ராத்திரில பூத்து விடியும்போது உதுர்ற பூ, தரையெல்லாம் வெளிர் மஞ்சளா உருண்டை உருண்டையா கிடக்கும், நடந்தா காலுக்கடில நசுங்குது, வாசம் கொஞ்சம் புளிச்ச மாதிரி தூக்கலா இருக்கும், வாயில போட்டா நல்ல இனிப்பு. ராத்திரி முழுக்க வவ்வாலு விருந்து அது. ஆத்தோர மருத மரத்துல நாரைக் கூடு.

இப்ப வருத்தமான சேதி. பங்குனி கடைசில டவுன் ஓரத்துல ஒரு குளத்துல வண்டல் மண்ணு அள்ள ஜேசிபி எறங்குச்சு. வண்டல் வயலுக்குப் போறது நல்ல காரியம், அதுல யாருக்கும் மறுப்பில்ல, குளமும் ஆழமாகும், வயலும் வளமாகும், நம்ம தாத்தா காலத்துல இருந்து நடக்குறதுதான். அமலைச்செடிய எடுக்கணும், நெய்வேலி காட்டாமணக்க வேரோட எடுக்கணும், இதுக்காக நாமளே மனு குடுத்திருக்கோம். ஆனா காஞ்ச குளத்துத் தரைலதான் ஆள்காட்டிப் பறவை முட்டை போடும், கூடுன்னு ஒண்ணு தனியாக் கிடையாது, லேசான பள்ளம், சுத்தி நாலு கூழாங்கல்லு, மண்ணு நெறத்துல பெரும்பாலும் நாலு முட்டை. நெடுங்கால் உள்ளானும் தண்ணி ஓரத்துல அப்படித்தான் வைக்கும். நம்ம பிள்ளைங்க வாரா வாரம் தூரத்துல இருந்து பாத்துக் குறிச்சு வச்சிருந்த ஆள்காட்டிக் கூடு மேல டயர் தடம் போயிருந்துச்சு, தாயும் தகப்பனும் அந்த எடத்தச் சுத்திக் கத்திக்கிட்டே இருந்துச்சு, அன்னிக்கி ஒரு பிள்ளையும் வீட்டுக்கு வரும்போது பேசல.

மறுநாளு தலைவரும் நானும் போய் மண்ணு அள்ளுறவங்ககிட்டப் பேசுனோம். சண்டைக்குப் போகல. முட்டை எங்கன இருக்கும், எப்படி இருக்கும்னு போட்டோ காட்டுனோம். டிரைவர் தம்பி எறங்கி வந்து பாத்துட்டு, "இத யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா வேற பக்கம் வெட்டியிருப்பேனே"ன்னு சொன்னான். அவனே மிச்சம் இருந்த ரெண்டு கூட்டுக்கும் பக்கத்துல குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிட்டு, அந்தப் பக்கம் போகாமலே வேலைய முடிச்சான். அதுல ஒண்ணுல குஞ்சு பொரிச்சுச்சு. அதனால கமிட்டி தீர்மானமா கொண்டுவருது: மண்ணு அள்ள அனுமதி குடுக்குற எடத்துல, பாசன சங்கத்துக்காரங்ககிட்ட, ஊராட்சில, மாசிலயே போய்ச் சொல்லி வைக்கணும், வண்டி எறங்குற முன்ன நம்ம ஆளு ரெண்டு பேரு காலைல ஒரு சுத்து நடந்து கூட்டக் குறிச்சுக் குடுக்கணும். கரையோரம் சம்பும் கோரையும் ஒரு பட்டையாவது விட்டு வைக்கச் சொல்லணும். நாட்டுக் கருவேலத்தயும் சீமைக்கருவேலத்தயும் ஒண்ணா நெனச்சு வெட்டிராம இருக்க ரெண்டயும் பக்கத்துல வச்சு எடுத்த படம் குடுக்கணும். யார் யார் எந்தக் குளத்துக்குப் பொறுப்புன்னு இன்னிக்கே பேரு குடுங்க.

போட்டோ எடுக்குறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டுக்குக் கிட்டப் போகாதீங்க, போன்ல பறவைச் சத்தத்தப் போட்டுக் கூப்பிடாதீங்க, கூடு இருக்க எடத்த வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. பறவை எந்திரிச்சுப் பறந்துட்டா நாம ரொம்பக் கிட்டப் போயிட்டோம்னு அர்த்தம், முட்டை வெயில்ல காஞ்சா கொஞ்ச நேரத்துல வீணாயிரும்.

மத்தபடி, ஜனவரில பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரில உலகம் பூரா நடக்குற பறவைக் கணக்கெடுப்பு ரெண்டுலயும் நம்ம லிஸ்ட் எல்லாம் பறவை பாத்தத பதிவு செய்ற ஈபேர்ட் வலைத்தளத்துல ஏத்தியாச்சு. பூவுக்கும் இதே மாதிரி ஒரு பதிவு நோட்டு ஆரம்பிச்சிருக்கு, எந்தக் குளம், எந்தப் பக்கம், தண்ணியில இருந்து எத்தன எட்டு தள்ளி, பூவா காயா, இவ்வளவு எழுதுனாப் போதும். இத அஞ்சாறு வருஷம் விடாம எழுதுனா எந்தச் செடி எப்பப் பூக்கும்னு நம்ம கையிலயே கணக்கு இருக்கும். எழுத்து அழகா இருக்கிற ரெண்டு பிள்ளைங்கள இதுக்குப் பொறுப்பாப் போட்டிருக்கு.

நடைக்கு வேன் குடுத்து ஒதவுனவங்க, இட்லிப் பொட்டலம் கட்டிக் குடுத்த அக்காமாரு, ரெண்டு பைனாகுலர் வாங்கிக் குடுத்த பேரு சொல்ல வேண்டாம்னு சொன்ன அண்ணாச்சி, கூந்தன்குளத்து ஊர்க்காரங்க எல்லாருக்கும் சங்கத்து சார்பா நன்றி. தீர்மானத்த ஆதரிக்கவங்க கையத் தூக்குங்க, அத முடிச்சிட்டு வரவு செலவு கணக்க பொருளாளர் வாசிப்பாவ.