தேர்ஸ்டன் வீதியின் பழைய பெயரும் பலகையில் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி வெளியூர்களிலிருந்து வரும் பிள்ளைகளின் கடிதத்தில் ‘குமாரதுங்க முனிதாச மாவத்தை’ என்றிருக்கும். ஓட்டோக்காரரிடம் அதையே சொன்னால் சற்று யோசிப்பார். ‘தேர்ஸ்டன் றோட்’ என்றால் உடனே விளங்கிவிடும். பௌத்தாலோக மாவத்தை பழையவர்களுக்குப் புல்லர்ஸ் வீதி. ஆனந்த குமாரசுவாமி மாவத்தை கிரீன் பாத். பிலிப் குணவர்தன மாவத்தை ரீட் அவனியூ. பெயர்களை மாற்றியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வீதிகள் இருக்கும் கறுவாத்தோட்டத்தைப் பற்றிய பழைய நூல்களும் செய்திகளும் பழைய பெயர்களிலேயே இருக்கின்றன. படித்ததை இடத்தோடு பொருத்த முடியாததால், நாலு வருடம் இங்கே நடமாடும் மாணவர்கூடத் தாம் இருந்து படித்த கட்டடத்தின் கதை தெரியாமலே பட்டத்தோடு ஊர் திரும்புகிறார்கள். பெயர்ப்பலகைகளில் புதிய பெயருக்குக் கீழே, ‘முன்னர்’ என்று போட்டு, பழைய பெயரையும் மூன்று மொழிகளிலும் மாநகர சபை எழுதிவைக்க வேண்டும். தமிழில் தேர்ஸ்டன், தர்ஸ்டன், தேஸ்டன் என்று பலகைக்குப் பலகை மாறாமல் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும்.

தேர்ஸ்டன் வீதியிலுள்ள பழைய கட்டடம் பல்கலைக்கழகத்துக்கென்றே கட்டப்பட்டது எனப் பலர் நினைக்கிறார்கள். அது றோயல் கல்லூரியின் கட்டடம். 1835இல் தொடங்கி, 1881இல் றோயல் என்று பெயர் மாறிய அந்தப் பாடசாலை 1913இல் இங்கே வந்தது. பத்து வருடம்தான் இருந்தது. 1923இல் ரீட் அவனியூவில் எழுந்த புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தப் புதிய கட்டடத்தையும் இராணுவ மருத்துவமனைக்காக எடுத்துக்கொள்ள, மாணவர்கள் டரட் வீதி, அதாவது இன்றைய தர்மபால மாவத்தை, பங்களாக்களில் படித்தார்கள்.

தேர்ஸ்டன் வீதியிலேயே இருக்கும் ‘கொலிஜ் ஹவுஸ்’ 1912இல் டி சொய்சா குடும்பத்தவர் ஒருவர் கட்டிய மாளிகை. மனைவியின் பெயரால் அதற்கு ரெஜினா வளவு என்று பெயர். 1920இல் அரசாங்கம் அதை வாங்கியது. 1921இல் அங்கே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் தமிழர் பங்கு பெரிது. 1906இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம். அந்த இயக்கத்தில் ஆனந்த குமாரசுவாமியும் முன்னின்றார். கேட்டது முழுப் பல்கலைக்கழகம், கிடைத்தது கல்லூரி. சொந்தமாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சையை எழுதித்தான் பட்டம் பெற்றார்கள். 1942 ஜூலை 1இல் மருத்துவக் கல்லூரியோடு இணைத்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆக்கிய பிறகே அந்த நிலை மாறியது. மறு வருடம் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் சுவாமி விபுலாநந்தர். இன்று தமிழ்த்துறை என்றதும் பேராதனை நினைவுக்கு வருகிறது. ஆனால் பேராதனைக்கு இடமாற்றம் நடந்தது 1952இல். விபுலாநந்தர் 1947இலேயே காலமாகிவிட்டார். ஆகவே அவர் இப்பதவி வகித்தது கொழும்பில். பேராதனையில் அருணாசலத்தின் பெயரில் விடுதி மண்டபம் இருக்கிறது. கொழும்பில் அருணாசலம், விபுலாநந்தர் இருவரையும் பற்றி வழிப்போக்கர் வாசிக்கக்கூடியதாகத் தமிழில் ஒரு பலகையாவது வைப்பது பெரிய செலவல்ல.

குதிரைப் பந்தயத் திடலைக் கடைகளும் றகர் மைதானமுமாகத்தான் இளையவர்கள் அறிவார்கள். 1942இல் அது விமான ஓடுபாதை. அந்த வருடம் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் இங்கிருந்து கிளம்பின. இப்படியோர் ஓடுபாதை இருப்பது ஜப்பானியருக்குத் தெரிந்திருக்கவில்லை. அருகிலேயே தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைத் தேடுபவர் முதலில் போகவேண்டிய இடம் அது.

கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. ஆளுநர் கிரகரி அமைப்பித்தது, கட்டடக் கலைஞர் சிமிதர் வரைந்தது, கட்டிக்கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். பரிசாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் மூடிவைக்கும்படி மரைக்கார் கேட்டார் என்பது செவிவழிச் செய்தி.

உள்ளே போனால் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பாராமல் வரக்கூடாது. 1409ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கல்லைச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தார். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. தலைப்பில் இரண்டு சீன டிராகன்கள், வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவர விஷ்ணுவுக்கு. பாரசீகம் இஸ்லாத்துக்குரியது, அதுதான் அதிகம் சிதைந்திருக்கிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று காணிக்கைக் கணக்கு ஏறத்தாழ ஒன்றாகவே போகிறது. ஒரு தெய்வத்துக்குக் கூட்டி மற்றதற்குக் குறைக்கவில்லை. எழுத்துகள் தேய்ந்தவை. நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தமிழ் வரிகள் ஓரளவு பிடிபடும்.

தும்முல்லைச் சந்தியில் இறங்கி தேர்ஸ்டன் வீதி வழியே நூதனசாலைக்கு நடந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். திரும்பும்போது பந்தயத் திடல் பக்கமாக வரலாம். நூதனசாலைக்குள் இரண்டு மணித்தியாலமாவது வேண்டும் என்பதால் காலை ஒன்பதுக்கு முன்பே நடையைத் தொடங்குவது நல்லது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலைகள் விடத் தொடங்கினால் வான்கள் இருபுறமும் வரிசைகட்டி நிற்கும். வீதியைக் கடப்பதே பாடாகிவிடும்.

மாநகர சபை பலகை வைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வழியைப் பழைய பெயரும் புதிய பெயரும் குறித்த வரைபடமாகத் தங்கள் ஞாயிறு இதழில் அரைப் பக்கத்தில் வெளியிட்டு உதவுங்கள். புதிய மாணவர்களின் பதிவு தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் வந்தால் அவர்கள் வெட்டி எடுத்துக் கையோடு கொண்டுவர வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
வாசகர்,
கொழும்பு 06.