சார்ஜ் ஏறவில்லை என்று கொடுத்த லேப்டாப் வெறுமையாகத் திரும்பி வந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
டிடிபி, ஜெராக்ஸ் கடை உரிமையாளர்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
லேப்டாப் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: முன்கூட்டிச் சொல்லாமல் மதர்போர்டை (லேப்டாப்பின் முதன்மைச் சர்க்யூட் பலகையை) மாற்றியது, பழைய போர்டைத் திருப்பித் தராதது.

ஐயா / அம்மா, வணக்கம்.

போன ஆடித் தள்ளுபடியில் 19,500 ரூபாய்க்கு உங்கள் லேப்டாப்பை வாங்கினேன். 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். காசுக்கேற்ற பண்டம் என்று தெரிந்துதான் வாங்கினேன். அது மெதுவாக ஓடுகிறது என்று நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பங்குனியில் திடீரென்று சார்ஜ் ஏறுவது நின்றது. வாரண்டி இருந்ததால் திருநெல்வேலியில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "பேக்கப் எடுத்துட்டீங்களாண்ணே?" என்று கவுன்டரில் இருந்த தம்பி கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். உண்மையும் அதுதான். மிச்சமிருந்த சார்ஜில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் 32 ஜிபி பென்டிரைவில் போட்டிருந்தேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்த படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

பதினோரு நாள் கழித்து லேப்டாப் வந்தது. சார்ஜ் ஏறியது. ஆனால் உள்ளே புது விண்டோஸ், அதுவும் ஆக்டிவேட் செய்யச் சொல்லித் திரையின் ஓரத்தில் எழுத்தோடு. கேட்டால், "மதர்போர்டு மாத்தியாச்சு, ஸ்டோரேஜ் அதுலயேதான் இருக்கும்" என்றார்கள்.

இந்த ரக லேப்டாப்பில் ஸ்டோரேஜ் இஎம்எம்சி சிப்பாகப் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, ஹார்டு டிஸ்க் மாதிரி கழற்றி வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் நினைத்தது சார்ஜிங் பின் மாற்றுவார்கள் என்று. போர்டு மாறப்போகிறது என்று ஒரு போன் செய்திருந்தால் அன்றே பஸ் ஏறி வந்திருப்பேன்.

பென்டிரைவில் கோப்புகள் இருக்கின்றனவே, பிறகென்ன என்று உங்கள் ஹெல்ப்லைனில் கேட்டார்கள். சரி, திறந்து பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளில் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த வேலைகள் அவை. அந்த ஃபான்ட் இல்லையென்றால் அப்படித்தான் தெரியும். டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் செய்யும் ஃபான்ட்டுகளை இப்போதைய விண்டோஸ், ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் வைக்கிறது. டாக்குமென்ட்ஸைக் காப்பி செய்தால் அது வராது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிரிண்டருக்கு அட்டை அளவு வாரியாக வைத்திருந்த செட்டிங்குகள் எல்லாமே போயின. பழைய ஃபான்ட்டுகளில் சிலவற்றை மதுரையில் ஒரு நண்பரிடமிருந்து வாங்கிவிட்டேன். இரண்டு இன்னும் கிடைக்கவில்லை. நான்கு ஆர்டர்களை வேறு கடைக்கு அனுப்பினேன்.

விண்டோஸிலேயே பேக்கப் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும், அங்கே இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. முகூர்த்த மாதம் ஒன்றின் போட்டோக்களுக்கே அது காணாது.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. என் கடைக்கு வருகிறவர்கள் ஆதார், பத்திரம், வங்கிப் பாஸ்புக் என்று ஸ்கேன் செய்யக் கொடுப்பார்கள். அந்தப் படங்களில் பல அந்தப் பழைய போர்டில்தான் இருக்கின்றன. போர்டு எங்கே என்று கேட்டேன், "கம்பெனிக்குப் போயிடும்" என்றார்கள். சார்ஜ் ஏறாத போர்டு என்றால் அதிலிருக்கும் சிப்பும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லையே. அதில் என்கிரிப்ஷன், அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டும் வசதி, போட்டிருந்ததா என்று அங்கே ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பழைய போர்டை என்னிடம் திருப்பித் தாருங்கள், அல்லது அதிலிருந்த தகவல்கள் அழிக்கப்பட்டன என்று எழுத்தில் கொடுங்கள். அது உங்கள் கையில் இன்னும் இருந்தால் அதிலிருந்து என் தகவல்களை எடுக்க முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள், நானே நேரில் வருகிறேன். விண்டோஸை உங்கள் செலவில் ஆக்டிவேட் செய்து கொடுங்கள். அப்புறம், அந்தப் படிவத்தில் "போர்டு மாற்றினால் ஸ்டோரேஜும் போய்விடும்" என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்க்க உங்களுக்கு என்ன செலவாகிவிடும்?

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவேன். அதற்கும் அசையவில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

இணைப்பு: பில் நகல், சர்வீஸ் ரசீது நகல், திரையின் போட்டோ இரண்டு.

இப்படிக்கு,
(கையொப்பம்)