மேமோகிராம் ரிப்போர்ட்டுடன் தமிழில் ஒரு தாள்: மூன்றாவது மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற செவிலியர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) முடிவையும் மார்பக அடர்த்தியையும் தமிழில் விளக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: மார்ச், ஜூலை மாத மக்கள் குறைதீர் கூட்டங்களில் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். மேற்படி மனுக்களுக்கு "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற குறுஞ்செய்தி மட்டுமே வந்தது. ஆகவே மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் வெள்ளை. புற்றுக்கட்டியும் வெள்ளைதான். இந்தத் திசுக்கள் அதிகமுள்ள அடர்ந்த மார்பில் சிறு கட்டி அவற்றுக்குள் மறைந்துவிடக்கூடும். அடர்த்தி நோயல்ல, ஆனால் புற்று வரும் வாய்ப்பையும் ஓரளவு கூட்டும். கையால் தொட்டு அறிய முடியாது. ஏ, பி, சி, டி என நான்கு வகையில் சியும் டியும் அடர்ந்தவை.

2. எங்களை மிகவும் வாட்டுவது அந்த ரிப்போர்ட். முழுக்க ஆங்கிலம். கடைசியில் பைராட்ஸ் என்று, படத்தில் கண்டதை வகைப்படுத்தும் 0 முதல் 6 வரை ஓர் எண். 0 என்றால் "இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, மேலும் பார்க்க வேண்டும்" என்று பொருள். எங்கள் பெண்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள்? பூஜ்யம், ஆகவே ஒன்றுமில்லை! தாளை நான்காக மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் மஞ்சப்பையில் செருகிவிட்டு, மறுநாள் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். 4 என்றிருந்தால் "நாலாம் ஸ்டேஜ்" என்று வீடே அழுகிறது. ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். பார்த்தால் பலருக்குப் புற்றே இருக்காது. அடர்த்தி 'சி' என்பதைக் கேன்சர் என்று நினைப்பவர்களும் உண்டு. கவுன்ட்டரில் கேட்டால் "டாக்டர்ட்ட காட்டும்மா".

3. சி, டி வகையினருக்கு அல்ட்ராசவுண்ட் தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் மேமோகிராம் பழைய கட்டடத்தில், ஸ்கேன் புதிய கட்டடத்தில், அதுவும் வேறொரு நாளில். தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது பார்த்ததுதான். அதே நாளில் டோக்கன் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இன்னொரு நாள் கூலி போகும் என்றால் யார் திரும்பி வருவார்கள்?

4. பவுடர், சென்ட் போட்டு வரக் கூடாது, படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரியும். இதைக்கூட முன்கூட்டிச் சொல்வதில்லை.

5. அக்டோபரில் பிங்க் ரிப்பன் பேரணி போனது. கொடுத்த நோட்டீஸில் அடர்த்தி என்ற சொல்லே இல்லை. அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் அடர்த்தியைப் பெண்ணுக்கே எளிய நடையில் எழுதித் தருவது கட்டாயம். நாங்கள் சட்டம் கேட்கவில்லை அம்மா, ஒரு ஜெராக்ஸ் தாள் கேட்கிறோம்!

தாளின் மாதிரியை நாங்களே எழுதி இணைத்துள்ளோம்: அடர்த்தி எழுத்து, பைராட்ஸ் எண், அடுத்து எங்கே, எந்த நாளில் வர வேண்டும். அடியில் ஒரு வரி: ரிப்போர்ட் நார்மல் என்றாலும் புதிய கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோலில் குழி தெரிந்தால் உடனே வரவும். மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் இதை அரை நாளில் சொல்லிக் கொடுக்க நாங்கள் தயார். ஊதியம் வேண்டாம்.

இம்முறையும் துறைக்கு அனுப்பிவிட்டதாகக் குறுஞ்செய்தி வேண்டாம். தயவுசெய்து அந்தத் தாளுக்கு உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: விளக்கத் தாள் மாதிரி, முந்தைய மனுக்களின் நகல்கள்.